ஓயாமல் ஓடும் குளிர்ப்பெட்டி

இரவு வீடு அடங்கிய பிறகு சமையலறைப் பக்கம் சற்றுக் காது கொடுத்தால் குளிர்ப்பெட்டியின் உடல்நிலை தெரிந்துவிடும். நல்ல நிலையிலுள்ள பெட்டி சிறிது நேரம் முனகும். பிறகு 'டக்'கென்ற ஓசையோடு அடங்கும். உள்ளே சூடு ஏறியதும் மறுபடி ஓடத் தொடங்கும். விடிய விடிய அடங்காமல் முனகிக்கொண்டேயிருக்கும் பெட்டி பெரும்பாலும் பழுதுபட்ட பெட்டியே. ஆயினும் வீடுகளில் இதை யாரும் பழுதென்று கருதுவதில்லை. "பால் கெடவில்லை, தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது, பிறகென்ன?" என்று விட்டுவிடுகிறார்கள். அதற்குக் கொடுக்கும் விலையோ இரண்டு மாதத்திற்கொரு முறை வரும் மின் கட்டணத்தில், மின்விசிறி, மோட்டார், கிரைண்டர் கணக்குகளோடு கலந்து ஒளிந்துகொள்கிறது.

கணக்கு எளியது. பெட்டியின் கம்ப்ரஸர் 100 வாட் மின்சாரம் இழுப்பதாகக் கொள்வோம். நாளில் பாதி நேரம் ஓடினால் செலவு 1.2 யூனிட். இருபத்துநான்கு மணி நேரமும் ஓடினால் 2.4 யூனிட். அறுபது நாட்களில் முன்னது 72, பின்னது 144. தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டு மே மாதம் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் இலவசமென்று அரசு அறிவித்தது. அச்சலுகையில் ஏறக்குறைய முக்கால் பங்கை ஒரு பழுதான பெட்டி வீணாகவே விழுங்கிவிடும். அன்றியும், உபயோகம் ஏற ஏற விகிதமும் ஏறுவது மின் கட்டணத்தின் இயல்பு. ஆகையால் வீணாகும் யூனிட்டுகள் எப்போதும் மேற்படியில்தான் போய் உட்காருகின்றன.

இவ்விடத்தில் ஒரு விலக்கைச் சொல்லிவிட வேண்டும். 'இன்வர்ட்டர்' கம்ப்ரஸர் பொருத்திய புதுப்பெட்டிகள் குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓடும்படியே அமைக்கப்பட்டவை. அவை ஓடுவது குற்றமன்று. சித்திரை வெயிலில் எந்தப் பெட்டியும் கூடுதல் நேரம் ஓடத்தான் செய்யும். சந்தேகம் தீர நல்ல வழி, குடும்பத்தோடு வெளியூர் போகும் நாளில் இருக்கிறது. மற்றெல்லாவற்றையும் அணைத்து, கிளம்பும்போதும் திரும்பும்போதும் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டால் வித்தியாசம் முழுவதும் பெட்டி தின்றதுதான்.

காரணம் பல சமயம் காசு செலவில்லாதது. கதவின் ஓரத்து ரப்பரைப் பாருங்கள். மாவுப் பாத்திரத்திலிருந்து வழிந்ததும், பால் சிந்தியதும் அதில் காய்ந்து ஒட்டி, திறக்கும்போதெல்லாம் ரப்பரைக் கிழிக்கின்றன. ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் அது தடையின்றி வந்துவிடுகிறதா? அவ்வழியேதான் வெளிச்சூடும் உள்ளே போகிறது. இரவில் கைப்பேசி விளக்கை எரியவிட்டு உள்ளே வைத்து மூடினால் எந்தப் பக்கம் ஒளி கசிகிறதென்று கண்கூடாகத் தெரியும். வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்தாலே பாதி ரப்பர்கள் சரியாகிவிடும். கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும். பின்புறம் கம்பிச்சுருள் உள்ள பெட்டியானால் அதில் படிந்த ஒட்டடையையும் எண்ணெய்ப் பிசுக்கையும், இணைப்பைப் பிடுங்கிவிட்டுத் துடைக்கலாம். உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளுவது அந்தச் சுருள். அதைச் சுவரோடு ஒட்டி, அடுப்பிற்கு அருகில் நிறுத்திவிட்டு மின்சார வாரியத்தை நொந்து பயனில்லை.

பனிக்கட்டி உறையும் ஒற்றைக்கதவுப் பெட்டியில் பனி விரற்கடை அளவு ஏறுமுன் உருக்கிவிடுவது நல்லது. பனி கனக்க, குளிர் வெளிவராமல் கம்ப்ரஸர் மேலும் மேலும் உழைக்கிறது. கத்தியால் சுரண்டுவது மட்டும் கூடாது. ஒரு குத்தில் குழாய் ஓட்டையாகி, பெட்டியே போய்விடும். பனி உறையாத இரட்டைக்கதவுப் பெட்டியில் நோய் கண்ணுக்குத் தெரியாது. பனியை உருக்கும் ஹீட்டர் கெட்டுவிட்டால் உள்தகட்டின் பின்னே பனி மண்டி, மேல் அறை உறைந்திருக்க, கீழ் அறை வெதுவெதுப்பாகிவிடும். இன்சுலின் வைத்திருக்கும் வீட்டில் இது விளையாட்டன்று. அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. சூட்டில் வீரியம் குறைந்தாலும் குப்பியைப் பார்த்துக் கண்டுகொள்ள முடியாது. தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டு பெட்டி நிற்காமல் ஓடினாலோ, அதே மருந்து உறைந்து வீணாகும். உள்ளே சிறு தெர்மாமீட்டர் ஒன்று வைத்திருப்பது மருந்து செலவை நோக்க அற்பச் செலவு.

இனி மெக்கானிக் விஷயம். அவர் வந்து தொட்டுப் பார்த்து, "காஸ் தீர்ந்துவிட்டது, அடைக்க வேண்டும்" என்கிறார். பணம் வாங்கிக்கொண்டு அடைக்கிறார். சில மாதங்களில் பழைய கதை. 'காஸ்' என்ற சொல்லே ஜனங்களை ஏமாற்றுகிறது. அடுப்பில் எரியும் காஸ் தீரும். குளிர்ப்பெட்டியின் காஸ் தீருவதில்லை. மூடிய குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது, அவ்வளவே. குறைந்திருக்கிறதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டு அடைக்காமல் காஸ் ஏற்றுவது, பஞ்சரான சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடாமல் காற்றடிப்பதற்கு ஒப்பாகும். "கசிவு எங்கே, அடைத்தீர்களா?" என்று கேட்கும் உரிமை பணம் கொடுப்பவருக்கு உண்டு. கெட்டிக்காரத் தொழிலாளி கோபித்துக்கொள்ள மாட்டார். இன்னொன்று: இன்று பல பெட்டிகளில் இருப்பது ஆர்-600ஏ என்னும் ஐசோபியூட்டேன். அது தீப்பற்றும் வாயு. எந்த வாயு என்று பெட்டியின் சீட்டிலேயே அச்சிட்டிருக்கும். அதைப் படிக்காமல், ஜன்னலும் திறக்காமல் பற்றவைப்பு விளக்கைக் கொளுத்துபவரைச் சமையலறைக்குள் விடலாகாது.

பழுதுபார்க்கும் செலவு மிஞ்சினால் புதிது வாங்குவதே உசிதம். எரிசக்தித் திறன் அமைப்பு 2006-இல் தொடங்கிய நட்சத்திரச் சீட்டில் வருஷத்திற்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கிறது. வாங்குவோர் நட்சத்திரத்தை எண்ணுகிறார்கள். எண்ணைப் படிப்பவர் குறைவு. எண்தான் முக்கியம்.

ஆனால் பழைய பெட்டி எங்கே போகிறது? மாற்றுச் சலுகையில் கடைக்காரர் எடுத்துச் செல்வது எல்லாமே உடைக்கப்படுவதில்லை. சிலவற்றுக்குச் சாயமடித்து, காஸ் ஏற்றி, குறைந்த விலைக்கு விற்கிறார்கள். வாங்குபவர் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு தொழிலாளி. வீட்டுக்காரர் துணை மீட்டர் வைத்து ஒரு யூனிட்டிற்கு இவ்வளவென்று வசூலிக்கும் வீடானால் இலவச யூனிட்டும் அவருக்குக் கிட்டுவது அரிது. வசதியுள்ளவர் வீட்டில் தாங்க முடியாமல் கழித்த செலவு, தாங்கவே முடியாதவர் வீட்டிற்குக் குடிபெயர்கிறது. மின்கழிவு விதிகள் குளிர்ப்பெட்டியையும் தழுவியே இருக்கின்றன. அதைத் திரும்பப் பெற்று முறையாக அழிக்கும் வழி தயாரிப்பாளர்களுக்கு விதிக்கப்பட்டிருக்கிறது. பழைய பெட்டியைக் கொடுப்பவர் அது எங்கே போகிறதென்று கடைக்காரரைக் கேட்கட்டும். செகண்ட் ஹாண்டில் வாங்குபவர், பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் அதைக் கடையிலேயே இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டு, ஒரு முறையாவது தானாக நிற்கிறதா என்று பார்க்கட்டும்.