விருந்தினர் சென்ற பின்

2013 நவம்பரில் பொதுநலவாய மாநாட்டுக்காக இலங்கை வந்த பிரித்தானிய இளவரசர் சார்ள்ஸ், நுவரெலியா மாவட்டத்தின் லபுக்கலைத் தேயிலைத் தோட்டத்துக்கும் விஜயம் செய்தார். இன்று அவர் மன்னர். அவரது மூத்த புதல்வர் வில்லியம், இணையத்தில் சிறுவர்கள் துன்புறுத்தப்படுவதைத் தடுப்பதற்கென 2016இல் ஒரு செயலணியை அமைத்தார். அரச குடும்பத்தின் செல்வாக்கு பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் பயன்படலாம் என்பதற்கு அது சான்று.

விஜயம் ஒன்றின் பெறுமதி, அது விட்டுச்செல்லும் சேவையிலேயே தங்கியுள்ளது. 2017 மே மாதம் மலையகம் வந்த இந்தியப் பிரதமர் மோடி, இந்திய உதவியுடன் டிக்கோயாவில் அமைக்கப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலையைத் திறந்துவைத்தார். அது இன்றும் நிற்கிறது.

ஆனால், எந்த விருந்தினரின் கண்ணிலும் படாத காயமொன்று உண்டு. லயன் அறையிலிருந்து நகரப் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையைத் ‘தோட்டக்காட்டான்’ என்றழைக்கும் சொல்லே அது. 1998ஆம் ஆண்டின் பகிடிவதைத் தடைச் சட்டம் உயர்கல்வி நிறுவனங்களைக் கருதியே இயற்றப்பட்டது. பாடசாலைப் பிள்ளைக்கு ஆலோசனை ஆசிரியரும் அதிபரின் அக்கறையுமே அரண். தோட்டப் பாடசாலைகளுக்கு அத்தகைய ஆசிரியர்களை நியமிப்பது அரசின் கடமை.

எமக்கும் கடமையுண்டு. அச்சொல்லைப் பெரும்பாலும் உச்சரிப்பவர்கள் தமிழ் பேசுவோரே. பர்தா அணிந்த மாணவியைக் கேலிசெய்வதும் இதே நோய்தான். தமிழரும் முஸ்லிம்களும் தத்தம் வீடுகளில் இதனைத் திருத்துவதற்கு எந்த இளவரசரும் வரவேண்டியதில்லை.