பூட்டை விடுங்கள், ஸ்க்ரூவைப் பாருங்கள்

ஹார்டுவேர் கடைக்குப் பூட்டு வாங்க வருகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். முதலில் பூட்டைக் கையில் வாங்கி எடை பார்ப்பார்கள். கனமாக இருந்தால் முகத்தில் ஒரு திருப்தி. பிறகு சாவியைப் போட்டு இரண்டு தடவை பூட்டித் திறப்பார்கள். விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்பார்கள். வியாபாரம் முடிந்தது. அந்தப் பூட்டு எந்தத் தாழ்ப்பாளில் தொங்கப் போகிறது, தாழ்ப்பாளை எவ்வளவு நீள ஸ்க்ரூ பிடித்திருக்கிறது, ஸ்க்ரூ ஏறியிருக்கும் மரம் எப்படிப்பட்டது என்று வாங்குகிறவர் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. வீட்டை உடைக்க வருகிறவன் மட்டும்தான் அதையெல்லாம் பார்க்கிறான்.

நான் திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவள். அப்பா நாகல்நகர் பக்கம் ஒரு பட்டறையில் மாங்காய்ப் பூட்டு செய்தவர். இப்போது மதுரையில் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பிள்ளைகளுக்குப் பட்டறைப் பயிற்சி கொடுக்கிறேன். பூட்டு செய்த காசில் படித்தவள். பூட்டைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. நம் வீடுகளில் பூட்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டியவைதான் சொத்தையாக இருக்கின்றன.

அப்பா செய்த பூட்டுக்குள் ஆறேழு லிவர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் மெல்லிய உலோகத் தகடு. அதில் ஒரு சின்னக் காடி வெட்டியிருக்கும். சாவியின் பற்கள் எல்லா லிவர்களையும் ஒரே நேரத்தில் தூக்கி, எல்லாக் காடிகளும் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றால்தான் உள்ளே இருக்கும் முளை அதற்குள் நுழையும், நாக்கு பின்வாங்கும். ஒரு லிவர் மயிரிழை குறைவாக எழும்பினாலும் திறக்காது, கூடுதலாக எழும்பினாலும் திறக்காது. இந்தக் ‘கூடுதலாக எழும்பினாலும்’ என்பதில்தான் சூட்சுமம். தூக்கினால் போதும் என்றிருந்த பூட்டை வளைந்த கம்பியால் திறந்துவிடலாம். சரியான அளவுக்குத்தான் தூக்க வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு 1778-இல் இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் காப்புரிமை வாங்கினார். அப்பாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் அந்த அளவு அவர் கையில் இருந்தது. சாவியின் ஒரு பல்லில் அரத்தால் இரண்டு இழுப்பு ராவுவார், பூட்டில் போட்டுப் பார்ப்பார், வெளிச்சத்தில் பிடிப்பார், மறுபடி ஒரே ஒரு இழுப்பு. இப்படிக் கையால் ராவிய சாவி இன்னொரு பூட்டுக்குச் சேர்வது அபூர்வம். கோயில் உண்டியலுக்கும் கிட்டங்கிக்கும் திண்டுக்கல் பூட்டைத் தேடி வந்தார்கள் என்றால் சும்மா இல்லை. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அப்படிப்பட்ட ஒரு பூட்டு தொங்கிய கதவை நான் நேரில் பார்க்க நேர்ந்தது. எங்களுக்குத் தெரிந்த குடும்பம் கல்யாணத்துக்குப் போயிருந்த இரவில் அவர்கள் வீடு உடைபட்டது. கதவைச் சரிசெய்ய வந்த ஆசாரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். “டீச்சரம்மா, உங்க ஊர்ப் பூட்டுக்கு ஒண்ணும் ஆகல, இங்க பாருங்க.” உண்மைதான். பூட்டு பூட்டியபடியே இருந்தது. அதைச் சுமந்துகொண்டு ஆல்ட்ராப் தாழ்ப்பாள் ஒரே ஒரு ஸ்க்ரூவில் தொங்கியது. மற்ற ஸ்க்ரூக்கள் தரையில் கிடந்தன. ஒன்றை எடுத்து விரலோடு வைத்துப் பார்த்தேன். முக்கால் அங்குலம்கூட இருக்காது. ஆசாரி ஸ்க்ரூ டிரைவர் முனையால் கதவில் இருந்த துளையைக் கிளறினார். தவிடு மாதிரிப் பொடி உதிர்ந்தது. மேலும் கீழும் மெல்லிய ப்ளை, நடுவில் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. கடப்பாரை நுனியைத் தாழ்ப்பாளுக்குப் பின்னால் கொடுத்து ஒரு நெம்பு நெம்பியிருக்கிறார்கள். பூட்டைத் தொடக்கூட இல்லை.

அது கொல்லைப்புறக் கதவு. முன்வாசலில் தேக்கில் கடைந்த கதவு, மேலே கஜலட்சுமி. நம் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். நாலு பேர் பார்க்கிற வாசலுக்கு லட்சக் கணக்கில் செலவழிப்பார்கள். பின்கட்டுக்கு வரும்போது கை இறுகிவிடும், மிஞ்சிய காசில் ஒரு கதவை மாட்டுவார்கள். சில வீடுகளில் குளியலறைக்குப் போட வேண்டிய பிளாஸ்டிக் கதவு கொல்லைப்பக்கம் நிற்கிறது. திருடவருகிறவன் கஜலட்சுமியைக் கும்பிட வருவதில்லை. இருட்டாக இருக்கிற பக்கம்தான் வருவான்.

கதவைப் பூட்டுவது என்றால் என்ன என்று வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்பேன். சாவியைத் திருப்புவது என்பார்கள். கதவின் மேல் விழுகிற விசையைச் சுவர்வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பூட்டுவது. பழைய வீடுகளில் கதவுக்கு உள்ளே ஒரு குறுக்குக் கட்டை போடுவார்கள். அதன் இரண்டு முனையும் சுவரில் விட்ட குழிகளில் உட்காரும். வெளியிலிருந்து எத்தனை பேர் தோள் கொடுத்தாலும் அந்தப் பாரம் மொத்தமும் சுவருக்குப் போய்விடும். அதில் லிவரும் இல்லை, சாவியும் இல்லை. இன்று நாம் அந்தப் பாரத்தை முக்கால் அங்குல ஸ்க்ரூவிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக ஊருக்குப் போகிறோம்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. ஆல்ட்ராப்பை ஸ்க்ரூவில் மாட்டாமல், வெளியே உருண்டைத் தலை தெரிகிற போல்ட்டைக் கதவின் குறுக்கே விட்டு, உள்பக்கம் வாஷரும் நட்டும் போட்டு முறுக்க வேண்டும். உருண்டைத் தலையில் ஸ்பேனர் பிடிக்காது. நட்டு வீட்டுக்குள் இருக்கும். நிலையில் நாக்கு நுழையும் இடத்துக்கு இரண்டு அங்குல ஸ்க்ரூ போட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அங்கே ஒரு மெல்லிய தகடும் இரண்டு பொடி ஸ்க்ரூவும்தான் இருக்கும். நாக்கு குறைந்தது 25 மில்லிமீட்டர் நீண்டு நிலைக்குள் போக வேண்டும். கதவுக்கும் நிலைக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் எந்தப் பூட்டும் பயனில்லை. கடப்பாரைக்கு வாசல் திறந்து வைத்த மாதிரி ஆகும். கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது என்றால் கீலின் ஊசியும் வெளியேதான் இருக்கும். கழற்ற முடியாத ஊசியுள்ள கீலைக் கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்று, கதவுக்குள்ளேயே புதைக்கும் பூட்டை 30 மில்லிமீட்டர் கதவில் வைத்தால், உளியால் குடைந்த பிறகு இரண்டு பக்கமும் மிஞ்சும் மரம் பேருக்குத்தான் இருக்கும். வலுவான பூட்டை வைக்கிறேன் என்று கதவைப் பலவீனமாக்கியதுதான் மிச்சம்.

தொங்கு பூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிவாசலில் பூட்டு தொங்கினால் வீட்டில் ஆள் இல்லை என்று தெருவுக்கே அறிவிக்கிறோம். கதவுக்குள் புதைத்த பூட்டில் அந்தச் சிக்கல் இல்லை. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. என் அப்பாவின் தொழில் தொங்கு பூட்டுதான். இருந்தாலும் வாசல் கதவுக்கு உள்பூட்டுதான் சரி என்பது என் தீர்மானமான கருத்து.

அடுக்குமாடிகளில் வருவது வேறு வகை. 1861-இல் அமெரிக்காவில் லைனஸ் யேல் காப்புரிமை வாங்கிய முள் பூட்டின் வழி வந்த சிலிண்டர்கள் அவை. 5 முள், ஒவ்வொன்றுக்கும் 6 உயரம் என்றால் கணக்குப்படி 7,776 விதமான சாவி வரும். மலிவான பூட்டில் 4 முள், 4 உயரம் என்று சுருக்கினால் 256-தான். அதுகூடப் பரவாயில்லை. சிலிண்டர் கைப்பிடித் தகட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் ஸ்க்ரூ நுழையும் இடத்தில்தான் அது மெலிந்திருக்கும். நீட்டிய பகுதியைப் பிடித்து முறித்தால் அங்கே ஒடியும். கதவின் கனத்தை அளந்து அதற்கேற்ற நீளத்தில் சிலிண்டர் வாங்கினால் தீர்ந்துவிடுகிற விஷயம் இது. விரல்ரேகைப் பூட்டு வாங்குகிறவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்: ரேகை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் கடைசியில் கதவைப் பிடித்திருப்பது அதே இரும்பு நாக்கும் அதே நிலையும்தான்.

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா, திருடனுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகாதா என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு 1851-லேயே பதில் வந்துவிட்டது. லண்டன் பிக்கடிலியில் பிராமா கம்பெனி தன் கடைக் கண்ணாடியில் ஒரு பூட்டை வைத்து, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி வைத்திருந்தது. 60 ஆண்டுகளுக்கும் மேலாக யாராலும் முடியவில்லை. அந்த ஆண்டு மாபெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டுக்காரர் ஆல்பிரட் ஹாப்ஸ் 16 நாட்களில் 51 மணி நேரம் உட்கார்ந்து அதைத் திறந்தார். சப் கம்பெனியின் பிரபலமான பூட்டையும் திறந்துகாட்டினார். இங்கிலாந்தே பதறியது. திருட்டுத் தொழில் செய்கிறவனுக்குப் பூட்டின் குறை ஏற்கெனவே தெரியும், தெரியாதது வீட்டுக்காரருக்குத்தான் என்பது ஹாப்ஸ் தரப்பின் வாதம். அந்த அடிக்குப் பிறகுதான் பூட்டுகள் மேலும் திருந்தின. முக்கால் அங்குல ஸ்க்ரூவின் ரகசியத்தைக் காப்பாற்றுவதால் லாபம் யாருக்கு என்று யோசிக்க வேண்டும்.

இனி நான் சொல்லப்போவதைத்தான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். இரவு பத்து மணிக்கு மேல் நம் தெருக்களில் கிரில் கேட்டுக்கு உள்பக்கமாகப் பூட்டுப் போடும் சத்தம் வரிசையாகக் கேட்கும். சாவி வீட்டுப் பெரியவரின் தலையணைக்கு அடியிலோ டிவிக்கு மேலோ போய்விடும். நடு ராத்திரியில் ஏசியிலோ பிரிட்ஜிலோ தீப்பிடித்து, கரண்ட் போய், புகை சூழ்ந்தால் அந்தச் சாவியை யார் தேடுவது? பதற்றத்தில் எந்தச் சாவி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஜன்னல்களுக்கும் கம்பி போட்டிருப்போம். திருடன் நுழையக் கூடாது என்று செய்ததெல்லாம் சேர்ந்து, வீட்டில் உள்ளவர்கள் வெளியேற முடியாத கூண்டாகிவிடுகிறது. உள்ளிருந்து திறக்கச் சாவி தேவைப்படும் எந்தப் பூட்டையும், ஆள் தூங்குகிற வீட்டில் மாட்டக் கூடாது. வெளியே சாவி, உள்ளே திருகும் குமிழ் என்ற அமைப்பு கடைகளில் கிடைக்கிறது. கிரில் கம்பிக்கு இடையே கைவிட்டுக் குமிழைத் திருப்பிவிடுவார்களே என்றால், பூட்டைச் சுற்றி ஒன்றரை அடிக்கு ஒரு இரும்புத் தகட்டை வெல்டிங் வைத்துவிடலாம். வெல்டரிடம் ஒரு மணி நேர வேலை.

குளியலறையும் இதே கணக்குத்தான். வயதானவர்கள் உள்ளே வழுக்கி விழுந்தால், கதவை உடைக்கிற நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகிவிடலாம். உள்ளே தாழிட்டாலும் வெளியிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தால் திருப்பித் திறக்கிற தாழ்ப்பாள் இருக்கிறது. பாட்டி தாத்தா இருக்கிற வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டிலும் அதுதான் இருக்க வேண்டும்.

பூட்டு செய்கிறவர்களிடமும் அரசிடமும் கேட்க வேண்டியது உண்டு. இந்திய தர நிர்ணய அமைவனம் உள்பூட்டுக்கு ஐ.எஸ். 2209, ஆல்ட்ராப்புக்கு ஐ.எஸ். 281 என்று தரநிலைகள் வகுத்திருக்கிறது. அவை இருப்பதே வீடு கட்டுகிறவர்களில் பலருக்குத் தெரியாது. பூட்டுப் பெட்டியின் மேல் எத்தனை லிவர், நாக்கு எத்தனை மில்லிமீட்டர், என்ன கனக் கதவுக்கு உரியது, எந்த நீள ஸ்க்ரூ போட வேண்டும் என்பதைத் தமிழில் அச்சடிக்க வேண்டும். அந்த ஸ்க்ரூவையே பெட்டிக்குள் போட்டுத் தர வேண்டும். அரசு கட்டித்தரும் தொகுப்பு வீடுகளின் கொல்லைக் கதவுக்கு முன் கதவின் அதே தரத்தை விதிக்க வேண்டும். அலிகாரிலிருந்து வரும் மலிவுப் பூட்டோடு விலையில் மோதித் திண்டுக்கல் பட்டறைகள் ஜெயிக்கப் போவதில்லை. லிவர் வேலை தெரிந்த அந்தக் கைகளுக்கு அச்சு வார்ப்பும் இயந்திரமும் கடனும் கொடுத்து, பூட்டு, நாக்கு நுழையும் நிலைப்பெட்டி, போல்ட், உள்குமிழ் எல்லாம் சேர்ந்த ஒரே தொகுப்பாகச் செய்யவைத்தால் புவிசார் குறியீட்டுக்கும் பொருள் இருக்கும், பட்டறைப் பிள்ளைகளுக்கும் வேலை இருக்கும்.

அதுவரை உங்கள் வீட்டைப் பார்க்க யாருடைய உத்தரவும் வேண்டாம். இன்று மாலை ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறக் கதவுக்குப் போங்கள். தாழ்ப்பாளில் இருக்கும் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி அளந்து பாருங்கள். ஒரு அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆசாரியை வரச்சொல்லி நட்டு-போல்ட்டாக மாற்றிவிடுங்கள். கிரில் கேட்டின் உள்பக்கம் தொங்கும் பூட்டையும் மாற்றிவிடுங்கள். குமிழ் வைத்த பூட்டு வாங்கும்வரை, இப்போதுள்ள பூட்டின் சாவி இன்று ராத்திரியிலிருந்தே கதவருகே வீட்டில் எல்லோர் கைக்கும் எட்டும், ஆனால் வெளியிலிருந்து எட்டாத ஆணியில் தொங்கட்டும். அது எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள்.