ரப்பர் வளையமும் மடங்கிய விரல்களும்

பக்கவாதத்திலிருந்து மீண்டுவருபவர் மாயவித்தை கற்றுக்கொள்ளலாம் என நாங்கள் கூறும்போது உறவினர் சிலர் முகம் சுளிக்கின்றனர். நோயுற்றவருக்கு விளையாட்டா என்பது அவர்களின் வருத்தம். விளையாட்டு என்பதனாலேயே அதனைப் பரிந்துரைக்கிறோம்.

சிறு ரப்பர் வளையமொன்றை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மாட்டுங்கள். மற்றொரு கையால் அதனை உள்ளங்கைப் பக்கம் இழுத்து, விரல்களை மடக்கி, நான்கு நுனிகளையும் அதனுள் நுழையுங்கள். கையை விரித்தவுடன் வளையம் மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தாவிவிடும். பார்ப்பவருக்கு அது வியப்பு. செய்பவருக்கோ விரல் நீட்டும் பயிற்சி. பக்கவாதத்திற்குப் பின் விரல்களை மடக்குவதைவிட விரிப்பதே பலருக்குக் கடினம். (எங்களுள் ஒருவர் வார்டில் செய்துகாட்ட முயன்று வளையத்தைப் பறக்கவிட்டார், நோயாளிகள் மிகவும் மகிழ்ந்தனர்.)

அமெரிக்க மாயவித்தைக் கலைஞர் டேவிட் காப்பர்ஃபீல்ட், மறுவாழ்வுச் சிகிச்சை பெறுவோருக்கென இத்தகைய திட்டமொன்றை 1982இல் தொடங்கினார். கைத்திறன் வளர்வது அதன் ஒரு பயன். எங்களுக்குப் பெரிதாகப் படுவது வேறு. பொத்தான் மாட்டவும் பிறரை எதிர்பார்த்திருப்பவரிடம், வீட்டில் வேறெவரும் அறியாத இரகசியம் ஒன்று வந்து சேர்கிறது. பேரக்குழந்தை இன்னொரு முறை செய்யச் சொல்லிக் கெஞ்சுகிறது.

இயன்முறைப் பயிற்சிக்கு இது மாற்றன்று. உணர்ச்சி குன்றிய விரல்களில் இறுக்கமான வளையம் கூடாது. சிகிச்சையாளரைக் கேட்டே தொடங்குங்கள். வளையம் கீழே விழுந்தால் உடனே எடுத்துக் கொடுத்துவிடாமல் சற்றுப் பொறுத்திருங்கள். சூட்சுமம் உங்களுக்குப் புலப்பட்டாலும் குழந்தைகள் முன் சொல்லிவிடாதீர்கள்.