பேவியூ நகரில் பொலிஸ் இல்லை

2005ஆம் ஆண்டு, ஞாயிறு இதழ் ஒன்றில் நான் எழுதிவந்த பத்தியில் ஒரு வாரம் வீடியோ விளையாட்டுகளைக் கடுமையாகச் சாடியிருந்தேன். 'நீட் ஃபோர் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட் 2' என்ற தெருக்கார்ப் பந்தய விளையாட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, பொலிஸாரிடமிருந்து தப்பியோடும் வித்தையை இது நமது பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறது என்று தீர்ப்பும் வழங்கியிருந்தேன். அந்த விளையாட்டை நான் ஒரு தடவையேனும் ஆடியிருக்கவில்லை. வெள்ளவத்தையில் இருந்த அக்கா வீட்டில், மருமகனின் அறை வாசலில் நின்று நாலைந்து நிமிடம் கார்கள் சீறிப் பாய்வதைப் பார்த்ததுதான் எனது ஆய்வு.

மருமகனுக்கு அப்போது பதினான்கு வயது. அடுத்த முறை போனபோது, பத்திரிகையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு மிகவும் மரியாதையாகச் சொன்னான்: "மாமா, நீங்கள் எழுதினதை வாசிச்சனான். ஆனால் இதிலை பொலிசே இல்லை."

நான் சிரித்துச் சமாளித்துவிட்டேன். திருத்தம் எதுவும் வெளியிடவில்லை. வீடியோ விளையாட்டுக்கெல்லாம் யார் திருத்தம் கேட்கப் போகிறார்கள் என்ற அலட்சியம்.

மருமகன் இப்போது ரொறன்ரோவில் குடும்பஸ்தன். அண்மையில் விடுமுறையில் வந்திருந்தபோது, அக்கா அலுமாரியில் பத்திரப்படுத்தி வைத்திருந்த அதே இறுவட்டை எடுத்துவந்து எனது கணினியில் ஏற்றித் தந்துவிட்டுப் போனான். (அது அசல் இறுவட்டு அன்று. அந்நாளைய கொழும்பில் அசல் இறுவட்டைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர்? இன்று காசு கொடுத்துத் தரவிறக்குவோம் என்றாலும் தயாரித்த நிறுவனத்தின் இணையக் கடையில் இந்த விளையாட்டு இல்லை.) சில வாரங்களாக இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணித்தியாலம் ஆடிவருகிறேன். ஐம்பது வயதைக் கடந்தவனின் விரல்கள் வளைவுகளில் சொற்கேளாமல் திணறுகின்றன. ஆயினும் இப்போதாவது விமர்சனம் எழுதும் தகுதி எனக்கு வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இவ்வகை விளையாட்டுகளின் பூர்வீகத்தில் ஒரு பத்திரிகையாளரும் இருக்கிறார் என்பது எனக்குச் சற்றுப் பெருமை. நியூயோர்க் நகரில் இரவு நேரங்களில் ஜப்பானியக் கார்களை மெருகேற்றிப் பந்தயம் விட்ட இளைஞர்களைப் பற்றி 1998இல் 'வைப்' சஞ்சிகையில் கென் லீ என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரையே 2001இல் வெளிவந்த 'த ஃபாஸ்ட் அன்ட் த ஃபியூரியஸ்' திரைப்படத்துக்கு விதை. படம் கிளப்பிய அலையில்தான் 2003 நவம்பரில் 'அண்டர்கிரவுண்ட்' முதற் பாகம் வந்தது. எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனத்துக்காகக் கனடாவின் வன்கூவரில் இயங்கிய பிளாக் பொக்ஸ் என்ற குழு அதைத் தயாரித்தது. சரியாக ஒரு வருடத்தில், 2004 நவம்பரில், இரண்டாம் பாகமும் வந்துவிட்டது.

ஒரு வருட இடைவெளியில் வரும் இரண்டாம் பாகம் என்றால் பழைய சோற்றைத் தாளித்துத் தருவதாகவே இருக்கும் என்று எண்ணியிருந்தேன். கதையைப் பொறுத்தவரை அந்த எண்ணம் பிழையன்று. முதற் பாகத்தில் வென்ற வீரனின் ஸ்கைலைன் காரை ஒரு ஹம்மர் வாகனம் மோதிச் சிதைக்கிறது. ஆறு மாதங்களின் பின் அவன் பேவியூ என்ற கற்பனை நகருக்கு வந்து சேர்கிறான். ரேச்சல் என்ற பெண் உதவுகிறாள். கேலப் என்ற வில்லன் இறுதியில் காத்திருக்கிறான். சித்திரக்கதைப் படங்களைப்போல இவை நடுநடுவே காட்டப்படுகின்றன. நமது பழைய மசாலாப் படங்களில்கூட இதைவிட மேலான திரைக்கதை இருந்தது. கதையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை.

இரண்டாம் பாகத்தின் உண்மையான சாதனை அந்த நகரந்தான். முதற் பாகத்தில் நகரம் என்று ஒன்று இருந்தது பெயரளவிலேயே. பட்டியலில் ஒரு பந்தயத்தைத் தெரிவு செய்வீர்கள், ஓடுவீர்கள், மீண்டும் பட்டியலுக்கு வருவீர்கள். இரண்டாம் பாகத்திலோ விமான நிலையத்தில் ரேச்சலின் நிசான் காருடன் உங்களை விட்டுவிடுகிறார்கள். பந்தயம் நடக்கும் இடத்துக்கு நீங்களே ஓட்டிச் செல்லவேண்டும். எஞ்சினுக்கு உதிரிப்பாகம் விற்கும் கடை, நிறம் பூசும் கடை, கண்ணாடிக்கும் கதவுக்கும் வேலை செய்யும் கடை என்று எல்லாவற்றையும் தெருத்தெருவாகத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். பெக்கன் ஹில், ஜாக்சன் ஹைட்ஸ், கோல் ஹார்பர் என்று பகுதிகளுக்குப் பெயர். முதலாவது பொஸ்டனிலும் இரண்டாவது நியூயோர்க்கிலும் மூன்றாவது அந்தத் தயாரிப்பாளர்களின் வன்கூவரிலும் உண்மையாகவே உள்ள பெயர்கள். இரவல் பெயர்கள்தாம், எனினும் சில நாட்களில் அந்தத் தெருக்கள் எனக்குப் பழகிவிட்டன. துறைமுகப் பக்கத்தின் களஞ்சியங்கள், ஜாக்சன் ஹைட்ஸ் மேட்டின் வளைந்து நெளியும் பாதை, மேட்டிலிருந்து பார்க்கும்போது கீழே மினுங்கும் நகர விளக்குகள்.

இங்கே எப்போதும் இரவு. விடிவதே இல்லை. அவ்வப்போது மழை பெய்கிறது. ஈரத் தார் வீதியில் விளம்பர விளக்குகளின் செம்மையும் நீலமும் கரைந்து ஓடுகின்றன. டோர்ஸ் குழுவினர் 1971இல் வெளியிட்ட 'ரைடர்ஸ் ஒன் த ஸ்டோர்ம்' பாடலை ஸ்னூப் டோக்கின் குரலோடு கலந்து இதற்கென்றே புதிதாக்கியிருக்கிறார்கள். அந்த மழைக்கு அது அப்படிப் பொருந்துகிறது. பந்தயம் எதற்கும் போகாமல் சும்மா சுற்றிவந்து கணினியை நிறுத்திய இரவுகள் பல. வழியில் இன்னொரு பந்தயக் கார் தென்பட்டால் அங்கேயே சவால் விடலாம். எந்தப் பாதையில் போவது என்பதை முன்னால் ஓடுகிறவரே தீர்மானிப்பார். எதிராளியைக் குறிப்பிட்ட தூரம் பின்தள்ளிவிட்டால் வெற்றி. நகரத்தை மனப்பாடம் செய்தவனுக்கு வாய்ப்பு அதிகம். வரைபடமும் அம்புக்குறியும் பார்த்து ஓடும் என்போன்றவர்கள் முட்டுச்சந்தில் போய் நிற்போம்.

கார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொடக்கத்தில் வாங்கக்கூடியவற்றுள் டொயோட்டா கொரோலா ஏ-ஈ 86 ஒன்று. கொரோலா என்றதும் நம்மவர் மனதில் எழுவது கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிய குடும்பக் கார். அதே குலத்தில் பிறந்த இந்த இரண்டு கதவுக் காரோ, பின்சக்கரம் வழுக்க மலைப்பாதையில் இறங்குவதற்குப் பேர்போனது. நான் அதைத்தான் வாங்கினேன்.

இனிக் குறைகள். காரின் தோற்றத்துக்கு நட்சத்திரங்கள் வழங்குகிறார்கள். நட்சத்திரம் கூடினால்தான் சஞ்சிகை அட்டையில் படம் வரும், ஒப்பந்தப் பணம் வரும். எனவே அழகான காருக்கு ஸ்டிக்கர் ஒட்டி, இறக்கை பூட்டி, அடியில் நீல விளக்கெரித்து, பின்பெட்டியில் ஒலிபெருக்கி அடுக்கி, கதவை மேல்நோக்கித் திறக்கவைத்துத் தேர்த்திருவிழாவுக்குப் புறப்பட்ட சப்பறம்போல் ஆக்கவேண்டியிருக்கிறது. எனது கொரோலாவைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. வெறும் வெள்ளைக் காரோடு வெல்ல விரும்புகிறவருக்கு இங்கே மதிப்பில்லை. போதாக்குறைக்கு ஹம்மர், கடிலாக் என்று பாரிய ஜீப் வகைகளையும் பந்தயத்தில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். எருமையைச் சைக்கிள் சந்துக்குள் திருப்புவது போன்ற அனுபவம். அது யாருடைய யோசனையோ!

விளம்பரங்கள் அதைவிட மோசம். பேவியூவின் தெருக்களில் பேர்கர் கிங் கடையும் பெஸ்ட் பை பலகையும் நிற்கின்றன. ரேச்சல் அனுப்பும் குறுஞ்செய்திகூட சிங்குலர் என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் அடையாளத்தோடு வருகிறது. பத்திரிகைப் பக்கத்தில் விளம்பரத்துக்குக் கோடு போட்டுப் பிரித்து வைக்கப் பழகிய எனக்கு, கதாபாத்திரத்தின் வாயிலேயே விளம்பரத்தை வைப்பது உறுத்துகிறது. ஒரு வேடிக்கை: 2007இல் சிங்குலர் என்ற பெயர் ஏ.டி. அன்ட் டி. என்ற பெயருக்குள் மறைந்துவிட்டது. பிளாக் பொக்ஸ் குழுவையும் 2013இல் மூடிவிட்டார்கள். பேவியூவில் மட்டும் ரேச்சல் இன்றும் சிங்குலரில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

இனிப் பொலிஸ் விவகாரம். சட்டவிரோதத் தெருப் பந்தயம் என்று சொல்லிவிட்டுச் சட்டத்தையே காணாமற் செய்தது பெருங்குறை என்பது இரசிகர் பலரின் கருத்து. அந்தக் குறையைத் தீர்ப்பதுபோல் 2005 நவம்பரில் வந்த அடுத்த விளையாட்டான 'மோஸ்ட் வோன்டட்' பட்டப்பகல் வெளிச்சத்தில் பொலிஸ் கார்களைத் திரும்பக் கொண்டுவந்தது. வீதித்தடை, சக்கரத்தைக் கிழிக்கும் முட்பட்டி எல்லாம் உண்டு. இரண்டில் எது மேல் என்று கேட்டால் பலரும் அதையே சொல்வார்கள். துரத்தல் என்ற வகையில் அதன் விறுவிறுப்பு அதிகம் என்பதை நானும் ஏற்கிறேன்.

ஆனால் எனது மருமகன் அதைச் சில நாட்களே ஆடினான். காரணத்தை அப்போது நான் கேட்கவில்லை. இம்முறை வந்தபோது கேட்டேன். "வெளியிலையும் அதுதானே மாமா நடந்தது. வீட்டுக்குள்ளையும் ஏன்?" என்றான்.

2006இல் போர் மீண்டும் மூண்டபின் காலி வீதியில் சோதனைச் சாவடிகள் பெருகியதை அங்கு வாழ்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பதினாறு வயதில் அவனுக்கு அடையாள அட்டை கிடைத்தது. அதனுடன் பொலிஸ் பதிவுத் துண்டும் சட்டைப் பையில் இருக்கவேண்டும். ரியூஷன் முடிந்து ஏழு மணிக்குள் வராவிட்டால் அக்கா வாசலில் நிற்பார். எங்கே பிறந்தாய், யாருடன் இருக்கிறாய், கொழும்புக்கு ஏன் வந்தாய் என்ற கேள்விகளுக்குச் சிங்களத்தில் பதில் சொல்ல அவனைப் பழக்கியவன் நான். இரவில் ஒரு நகரம் எப்படி இருக்கும் என்பதை அந்த வயதில் அவன் பார்த்தது பேவியூவில். அங்கே எந்தச் சந்தியிலும் ஒருவரும் மறிக்கவில்லை.

இதை வைத்து இரண்டாம் பாகத்தைப் புரட்சிப் படைப்பாக்க நான் முனையவில்லை. பொலிஸ் இல்லாதது தயாரிப்பாளர்களின் கொள்கை அன்று, முதற் பாகத்திலும் அப்படித்தான் இருந்தது. எனினும் விமர்சகர் குறையென்று குறித்த அதே இடத்தில் ஒரு பையன் மூச்சுவிட இடம் கண்டான் என்றால், அந்த வெற்றிரவை வெறும் கவனக்குறைவு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. சும்மா சுற்றித்திரியும் சுகத்தைத் தருவதில் 'மோஸ்ட் வோன்டட்' இதற்கு அருகில் வராது என்பதே எனது முடிவு.

என்னை உறுத்துவது வேறொரு வெறுமை. பேவியூவில் நடைபாதைகள் இருக்கின்றன, நடப்பவர் இல்லை. எதிரே சாதாரண வாகனங்கள் வருகின்றன, அவற்றுள் முகங்கள் இல்லை. மோதினால் கார் ஒரு குலுக்குக் குலுக்கி நேராகி ஓடுகிறது. நேர்கோட்டில் ஓடும் ட்ராக் பந்தயத்தில் மட்டும் மோதல் ஆட்டத்தை முடித்துவைக்கிறது. இரவுப் பணியில் இருந்த காலத்தில் வீதி விபத்துச் செய்திகள் பலவற்றை நான் எழுதியிருக்கிறேன். பெயர், வயது, ஊர், பிள்ளைகளின் எண்ணிக்கை என்று நான்கு வரியில் முடியும் செய்திகள். விளையாட்டின் தொடக்கத்தில், உண்மையான வீதியில் இப்படி ஓட்டாதீர்கள் என்று எச்சரிக்கிறார்கள். அதற்குப் பின்வரும் நாற்பது மணித்தியாலத்தில் அந்த எச்சரிக்கையை நினைவூட்ட ஒரு மனிதனையும் வீதியில் விடவில்லை. 2005இல் நான் சாடியிருக்கவேண்டியது இதைத்தான். அறை வாசலில் நிற்காமல் உள்ளே போய் உட்கார்ந்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

அந்தப் பத்தி வெளிவந்த இதழ் இன்று இல்லை. ஆகவே திருத்தத்தை இங்கேயே பதிகிறேன்: 'அண்டர்கிரவுண்ட் 2' விளையாட்டில் பொலிஸாரிடமிருந்து தப்பியோடும் காட்சி உண்டு என்று எழுதியது தவறு. அவ்விளையாட்டில் பொலிஸார் இல்லை. தவறைச் சுட்டிக்காட்டிய வாசகர் வெள்ளவத்தையைச் சேர்ந்தவர், அப்போது வயது பதினான்கு.