அதிகாரமில்லாத நாற்காலி

வழக்கறிஞர்களுக்கு பார் கவுன்சில். டாக்டர்களுக்கு தேசிய மருத்துவ ஆணையம். சமூகப்பணி பட்டதாரிகளுக்கு? நாட்டின் முதல் சமூகப்பணிப் பள்ளியை சர் தொராப்ஜி டாடா அறக்கட்டளை பம்பாயில் துவக்கியது 1936ல். ஆனால் இத்துறையினர் அனைவருக்குமான தேசிய கவுன்சில் இன்னும் வரவில்லை. துணை மருத்துவத் தொழில்களுக்காக 2021ல் வந்த சட்டமும் மருத்துவ, மனநலப் பிரிவினரோடு நின்றுவிட்டது.

ஆகவே சமூகப்பணிக் கல்லூரிகளின் சங்கத் தலைமைக்குப் போட்டியிடுபவர் வெறுங்கையோடு பதவியேற்கத் தயாராக வேண்டும். தரமற்ற கல்லூரியை அவரால் கண்டிக்க முடியும், மூட முடியாது. 2012 முதல் 2016 வரை மும்பையின் விம்லா நட்கர்னி தலைமை வகித்த சர்வதேச சங்கத்துக்கும் இதே கதிதான். 2004ல் அடிலெய்டில் அது ஏற்ற உலகளாவிய கல்வித் தரங்கள் பரிந்துரைகளே தவிர ஆணைகள் அல்ல.

பின் எதற்குப் போட்டி? பதில் களப்பணியில் இருக்கிறது. குடிசைப் பகுதியிலும் மருத்துவமனையிலும் மாணவர் கற்க வேண்டியது பல இடங்களில் டைரியில் விழும் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. நஷ்டம் மாணவருக்கு மட்டுமல்ல. அரைகுறைப் பயிற்சியோடு வருபவரை நம்பிக் கதவைத் திறக்கும் குடும்பத்துக்கும்தான். களப்பணிக்கு ஒரு குறைந்தபட்ச விதியை உறுப்புக் கல்லூரிகள் ஏற்கும்படி செய்வாரா? வேட்பாளரிடம் ஆசிரியர்கள் கேட்க வேண்டியது இது ஒன்றுதான். பதில் இல்லாதவருக்கு மாலையும் மேடையும்தான் மிச்சம்.