பொம்மை வண்டியில் ஏறிவரும் போதை

இலண்டனில் வாழும் நண்பரொருவரின் வரவேற்பறையில் கண்ணாடி அலுமாரி ஒன்று உண்டு. உள்ளே உள்ளங்கையளவு உலோக வண்டிகள். பலவற்றின் பக்கங்களில் ஸ்கொட்லாந்து விஸ்கி நிறுவனங்களின் பெயர்கள் பொன்னெழுத்தில் மின்னுகின்றன. "இது வரலாறு, இதில் என்ன குற்றம்?" என்கிறார் நண்பர்.

குற்றம் உண்டு என்பதே என் வாதம்.

மட்ச்பொக்ஸ் வண்டிகளை வடிவமைத்த ஜாக் ஒடெல், 1982 இல் தம் பெயரைப் பின்னிருந்து எழுதி 'லெடோ' நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் வணிகத் தந்திரம் எளிது. வண்டியின் வார்ப்பு ஒன்றே. மேலே பூசும் விளம்பரந்தான் மாறும். ஆகவே சேகரிப்பவர் விலைகொடுத்து வாங்குவது வண்டியையன்று, விளம்பரத்தை! காசு வாங்கிக்கொண்டு காட்டவேண்டிய விளம்பரத்தை நாம் காசு கொடுத்துக் காட்சிக்கு வைக்கிறோம்.

வரலாறு என்றால் முழுவதையும் பேசுவோம். அதே அலுமாரியில் 1978 இல் வெளிவந்த லிப்டன் தேயிலை வண்டியும் நிற்கிறது. 1890 இல் இலங்கை வந்த தோமஸ் லிப்டன், அப்புத்தளைக்கு மேலேயுள்ள தம்பேதென்ன உட்பட ஊவாத் தோட்டங்களை வாங்கினார். அவர் பெயருக்கு வண்டி உண்டு. கொழுந்து பறித்தவர்களின் லயன் அறைக்கு எந்த அலுமாரியில் இடமுண்டு? 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் அந்த லயன்கள் மண்ணுள் புதைந்தன.

மலையகத்தில் மதுவின் வரலாறு பொன்னெழுத்தில் இல்லை; சம்பள நாளின் தவறணை வாசலில் இருக்கிறது. அங்கே போகும் பணம் அடுப்புக்குப் போவதில்லை.

"இவை பெரியவர்களுக்கான சேகரிப்புப் பொருட்கள்" என்பார் உளர். வார்ப்பின் நுட்பத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் வண்டியைக் கண்ட குழந்தை கை நீட்டாதிருக்குமா? இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் மதுபான விளம்பரத்தைத் தடைசெய்தது. 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மது விற்பதையும் தடுத்தது. பொம்மைக்கு வயதெல்லை யார் வகுத்தார்?

அலுமாரியை உடைக்கச் சொல்லவில்லை. புலம்பெயர்ந்த உறவுகளே, பதுளைப் பிள்ளைகளுக்குப் பொதி கட்டும்போது அந்த வண்டியை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு புத்தகம் வையுங்கள்.