சேவியரும் சவரிமுத்துவும்



என் பேரன் சேவியர் கேட்டான்: "தாத்தா, கொள்ளுத்தாத்தா பேரு ஏன் சவரிமுத்து?" ரெண்டும் ஒரே பெயர்தான்டா என்றேன்; நம்பவில்லை. தப்பு அவனுடையது அல்ல, நம்முடையது.

எங்கள் வீட்டில் பிறந்தநாளுக்குக் கேக் கிடையாது. பெயர் கொண்ட திருநாளுக்குத்தான் பூசை, புதுச்சட்டை, பாயசம். அப்பாவுக்கு டிசம்பர் 3. முதல் கிண்ணம் பக்கத்து வீட்டுக்குப் போகும். எனக்கு அழுகை வரும்.

சவரியார் 1545-ல் மயிலாப்பூரில் சில மாதம் தங்கியவர். தாம்பரத்துப் பிள்ளைக்கு அது எட்டாத ஊரா? தாமஸ் என்று பெயர் வைத்தவர்கள் ஜூலை 3 அன்று மின்சார ரயிலில் பரங்கிமலைக்குக் கூட்டிப்போங்கள். சந்தேகப்பட்ட தோமையாரைப் பற்றிச் சொல்லுங்கள். கேள்வி கேட்கும் பிள்ளைக்கு அவரைப் பிடிக்கும். டியூஷன் ஒருநாள் போகட்டும், வாத்தியாராகவே சொல்கிறேன்.

டிசம்பர் 3 மாலை எங்கள் வீட்டில் பாயசம். பக்கத்து வீட்டுக்குச் சேவியர்தான் எடுத்துப்போவான்.